ஐந்து டாலர் எங்கே போயிற்று?

2010 ஜனவரி 12 மாலை 4.53 மணிக்கு ஹெய்ட்டியின் லியோகான் நகருக்கு அருகே நிலம் குலுங்கியது. நிலநடுக்கத்தின் அளவு 7.0. அங்கிருந்து 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் அதிபர் மாளிகையே சரிந்து விழுந்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றும் ஒருமித்த கணக்கில்லை. அரசு சொன்ன எண் 3,16,000. வேறு சில மதிப்பீடுகள் ஒரு லட்சம் வரை இறங்குகின்றன. ஹெய்ட்டியில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஹிப்ஹாப் பாடகர் வைக்ளிஃப் ஜான் உடனே தன் ரசிகர்களை அழைத்தார். ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும், ஐந்து டாலர் கைபேசிக் கட்டணத்தோடு சேர்ந்துவிடும். அது அவருடைய ‘யேலே ஹெய்ட்டி’ அறக்கட்டளைக்குப் போகும். முதல் சில நாட்களிலேயே அந்தக் குறுஞ்செய்திகள் பத்து லட்சம் டாலரைத் தாண்டின.

பத்து நாள் கழித்து, ஜனவரி 22 அன்று, ‘ஹோப் ஃபார் ஹெய்ட்டி நவ்’ என்ற நிகழ்ச்சி அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஒரே நேரத்தில் ஒளிபரப்பானது. ஜார்ஜ் க்ளூனி, வைக்ளிஃப் ஜான் முதலியோர் தொகுத்து வழங்க, ஸ்டீவி வொண்டர், ஷகீரா, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், மடோனா, பியான்சே என்று ஒரு தலைமுறையின் குரல்கள் வரிசையாக வந்தன. 6 கோடி டாலருக்கு மேல் திரண்டது. அதன் பாடல்கள் இணையத்தில் மட்டுமே விற்ற தொகுப்பாக வெளிவந்து பில்போர்டு பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தன. கையில் பிடிக்க ஒரு தட்டுகூட இல்லாத தொகுப்பு அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல்முறை. லண்டனில் ஒரு பாட்டு, கனடாவில் ஒரு பாட்டு, லாஸ் ஏஞ்சலஸில் 1985இன் பழைய நிவாரணப் பாட்டுக்குப் புது வடிவம் என்று அடுத்த சில வாரங்கள் கழிந்தன.

இசை ரசிகர்கள் இப்படித் திரள்வதைப் பற்றிய பேச்சு வழக்கமாக நெகிழ்ச்சியில் முடியும், இல்லையென்றால் ஏளனத்தில் முடியும். இரண்டையும் விலக்கி வைத்துவிட்டு, நிவாரணம் என்ற அளவுகோலை மட்டும் வைத்து இதை எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். இடிபாடுகளின் நடுவே இருப்பவருக்கு அந்தப் பணம் என்ன செய்தது? செய்யவில்லையென்றால் அதற்கு யார் பதில் சொல்வது? ஹெய்ட்டியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கே நல்லதும் கெட்டதும் ஒரே மேடையிலிருந்து கிளம்பிப் போனதுதான். வேறு எந்தப் பேரிடரிலும் இவ்வளவு தெளிவான ஒப்பீடு கிடைப்பதில்லை.

முதலில் வேகம். ரசிகர் கூட்டத்தின் பெரிய பலம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஹெய்ட்டிக்குக் குறுஞ்செய்தி வழியே பணம் தந்தவர்களிடம் பியூ ஆய்வு மையம் விசாரித்து 2012இல் வெளியிட்ட அறிக்கை, அவர்களில் 73 சதவீதத்தினர் கேள்விப்பட்ட அன்றே அனுப்பிவிட்டதாகச் சொன்னது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் இந்த வழியில் மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. ஆனால் கொடுப்பவரின் வேகம் வேறு, நிவாரணத்தின் வேகம் வேறு. கைபேசிக் கட்டணம் வசூலாகி, நிறுவனத்தின் கணக்கைக் கடந்து, அறக்கட்டளையை அடைய வழக்கமாக மாதக்கணக்கில் ஆகும். ஹெய்ட்டிக்காகச் சில நிறுவனங்கள் வசூலாகும் முன்பே தொகையைக் கொடுத்தன என்பது உண்மை. அப்படியும் இடிபாட்டுக்குள் சிக்கியவரை முதல் மூன்று நாளில் வெளியே இழுத்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தவர்கள். வெறும் கையாலும் கடப்பாரையாலும் இழுத்தார்கள். எவ்வளவு விரைந்து அனுப்பினாலும் ரசிகரின் பணத்துக்கு அந்த மூன்று நாளில் இடமில்லை.

அப்படியானால் அந்தப் பணம் எதற்கு? பிறகு வருவதற்கு. கால் இழந்தவருக்குச் செயற்கைக் கால், கூடாரத்துக்குப் பின் வீடு, குடிநீர், பிரசவம். அதே ஆண்டு அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால் காலரா பரவியது. ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொன்ற அந்த நோய்க்கு மருந்து வேண்டியிருந்தது. எல்லாமே ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலைகள். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அதே பியூ அறிக்கையில், பணம் அனுப்பியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மறுசீரமைப்பு எப்படி நடக்கிறது என்பதைப் பிறகு அவ்வளவாகக் கவனிக்கவில்லை என்று சொல்லியிருந்தார்கள். மெதுவாகச் செலவழிய வேண்டிய பணம், சீக்கிரம் கவனம் கலைகிற கூட்டத்திடமிருந்து திரட்டப்படுகிறது. கணக்குக் கேட்க வேண்டிய காலம் வரும்போது கேட்கக்கூடியவர்கள் அடுத்த தொகுப்புக்காகக் காத்திருக்கிறார்கள். ரசிகர் கூட்டத்தின் நிவாரணத்தைப் பற்றி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த முரண்தான்.

யேலேவின் கதை அந்த முரணின் விலையைக் காட்டுகிறது. 2010இல் அது ஏறத்தாழ 1.6 கோடி டாலர் திரட்டியது. அந்த ஆண்டு 90 லட்சம் டாலர் செலவழித்தது. அதில் பாதியளவு பயணம், சம்பளம், ஆலோசகர் கட்டணம், அலுவலகம், கிடங்கு ஆகியவற்றுக்கே போனதாக நியூயார்க் டைம்ஸ் 2012 அக்டோபரில் எழுதியது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் கோரிய தணிக்கை, நிலநடுக்கத்துக்கு முந்தைய ஐந்தாண்டுக் கணக்கை மட்டும் பார்த்தே 2,56,580 டாலர் பாடகருக்கும் பிற நிர்வாகிகளுக்கும் முறையற்ற பலனாகப் போயிருப்பதைக் கண்டது. தான் எந்த லாபமும் அடையவில்லை என்று ஜான் மறுத்தார். 2010 ஆகஸ்ட்டில் ஹெய்ட்டியின் அதிபர் தேர்தலில் நிற்க முயன்று, அங்கே வசிப்பவர் இல்லை என்ற காரணத்தால் தேர்தல் அமைப்பால் விலக்கப்பட்டார். 2012இல் அறக்கட்டளை கடன்களோடு மூடிக்கொண்டது.

இதில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது மோசடியைப் பற்றிய சந்தேகம்கூட இல்லை. கூட்டம் பணம் அனுப்பிக்கொண்டிருந்த அதே வாரத்தில் இதில் ஒரு பகுதி வெளியே வந்துவிட்டது. அறக்கட்டளையின் பல ஆண்டு வருமான வரிக் கணக்கு 2009இல்தான் மொத்தமாகத் தாக்கல் செய்யப்பட்டிருந்தது. 2006இல் மொனாக்கோவில் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சியில் பாடியதற்காக அறக்கட்டளை தன் நிறுவனருக்கே ஒரு லட்சம் டாலர் கொடுத்திருந்தது. இரண்டும் அச்சில் வந்தன. ஜான் செய்தியாளர்களைக் கூட்டிக் கண்ணீர் வடித்தார். பணம் நிற்கவில்லை. நிலநடுக்கத்துக்கு மறுநாளே போர்ட்-ஓ-பிரின்ஸ் போய்ச் சடலங்களைத் தூக்கிய மனிதரைச் சந்தேகிக்க யாருக்கு மனம் வரும்? அவருடைய துயரம் உண்மையானது என்றே நானும் நம்புகிறேன். துயரம் உண்மையாக இருப்பதற்கும் ஒரு கிடங்கை நடத்தத் தெரிவதற்கும் தொடர்பில்லை. பதினைந்து ஆண்டுப் பாட்டுகளின் வழியே சேர்ந்த நம்பிக்கை, தணிக்கை அறிக்கையைத் திறந்து பார்க்கும் வகை நம்பிக்கையல்ல. ரசிகருக்கு அது கேள்வி கேட்காமல் கொடுக்கக் கற்றுத் தருகிறது. அந்த நேரத்தில் ஹெய்ட்டிக்கு வேண்டியிருந்தது கேள்வி கேட்டுவிட்டுக் கொடுப்பவர்கள்.

இதைக் கேட்டதும் எளிதாக வரும் பதில்: பாடகரிடம் கொடுக்காதே, பெரிய நிறுவனத்திடம் கொடு. அந்தப் பதிலையும் ஹெய்ட்டி ஏற்கவில்லை. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஹெய்ட்டியின் பெயரால் ஏறத்தாழ 50 கோடி டாலர் திரட்டியது. ப்ரோபப்ளிக்கா செய்தி நிறுவனமும் என்.பி.ஆர். வானொலியும் 2015இல் விசாரித்தபோது அந்த நாட்டில் அது கட்டி முடித்திருந்த நிரந்தர வீடுகள் ஆறு. சங்கம் அந்த அறிக்கையை ஏற்கவில்லை. பல லட்சம் பேருக்கு உதவியதாகச் சொன்னது. நிலம் யாருடையது என்ற சிக்கல், உள்ளூர் மொழி தெரியாத அதிகாரிகள், வேலையைப் பிற நிறுவனங்களுக்குக் கைமாற்றிக் கைமாற்றி ஒவ்வொரு படியிலும் நிர்வாகச் செலவு கழிவது ஆகியவற்றை அந்த விசாரணை விவரித்தது. ஆகவே தணிக்கையும் நூறாண்டு அனுபவமும் தேவை, அவை மட்டும் போதாது. சொந்த மண் என்பதும் போதாது. ஜான் அந்த மண்ணில் பிறந்தவர்தான்.

எது போதுமாக இருந்தது என்பதை மான்ட்ரியலின் ஆர்கேட் ஃபயர் இசைக்குழுவிடம் பார்க்கிறேன். அதன் பாடகி ரெஜின் ஷஸான்யேவின் பெற்றோர் டூவாலியே சர்வாதிகார ஆட்சிக்குத் தப்பி ஹெய்ட்டியை விட்டு வந்தவர்கள். 2004இல் வந்த முதல் தொகுப்பிலேயே அந்த நாட்டின் பெயரில் ஒரு பாட்டு உண்டு. நிலநடுக்கத்துக்கு முன்பிருந்தே குழு தன் நிகழ்ச்சிச் சீட்டு ஒவ்வொன்றிலும் ஒரு டாலரை, ஐரோப்பாவில் ஒரு யூரோவை, பிரிட்டனில் ஒரு பவுண்டை எடுத்து ‘பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்’ என்ற மருத்துவ அமைப்புக்குக் கொடுத்து வந்தது. அந்த அமைப்பு 1987இல் தொடங்கியது. மருத்துவர் பால் ஃபார்மரும் நண்பர்களும் ஹெய்ட்டியின் நடுவிலுள்ள கான்ஜ் என்ற ஏழைக் கிராமத்தில் அதற்கும் முன்பிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஹெய்ட்டியில் அதன் பெயர் ஸான்மி லாஸான்டே. பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஹெய்ட்டியர்கள். தலைநகரின் மருத்துவமனைகள் இடிந்தபோது காயம்பட்டவர்கள் நடுநாட்டை நோக்கி வந்தார்கள். அங்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு விமானச் சீட்டு வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் இசைக்குழு செய்யாமல் விட்ட ஒன்றைப் பாராட்ட வேண்டும். தன் பெயரில் ஒரு மருத்துவமனை கட்ட அது புறப்படவில்லை. 2010இல் ஷஸான்யேவும் பின்னாளில் கியூபெக் அரசியலாளரான டொமினிக் ஆங்லாடும் சேர்ந்து ‘கான்பே’ என்ற அமைப்பைத் தொடங்கியபோதும், களத்தில் வேலை செய்தவர்கள் ஸான்மி லாஸான்டேயும் ஃபோன்கோஸே என்ற உள்ளூர்ச் சிறுகடன் அமைப்பும்தான். ஆங்லாடின் பெற்றோர் இருவருமே அந்த நிலநடுக்கத்தில் இறந்தவர்கள். தன் துயரத்தைத் தன் கையாலேயே செலவழிக்க வேண்டும் என்ற உந்துதல் அவருக்கு இல்லாமலா இருந்திருக்கும்?

ஹோப் ஃபார் ஹெய்ட்டி நவ் நிகழ்ச்சி திரட்டிய பணத்தைப் பெற்றவர்களின் பட்டியலில் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் இருந்தது. யேலே ஹெய்ட்டியும் இருந்தது. ஒரே இரவில் ஒரே பாட்டைக் கேட்டு ஒரே உணர்ச்சியோடு அனுப்பிய பணத்தின் ஒரு பங்கு, இருபது ஆண்டு வேர் விட்ட அமைப்புக்குப் போயிற்று. இன்னொரு பங்கு, வரிக் கணக்கையே ஒழுங்காகத் தாக்கல் செய்யாத அமைப்புக்குப் போயிற்று. வேறுபாடு இசையில் இல்லை, ரசிகரின் மனத்திலும் இல்லை. பணம் கடைசியாகக் கைமாறிய இடத்தில் இருந்தது. அந்த இடத்தைத் தேர்ந்தவர்கள் நிகழ்ச்சியை நடத்தியவர்கள். தேர்ந்த முறையைப் பார்வையாளருக்கு விளக்க அவர்கள் மெனக்கெடவில்லை. இதைப் பெரிய தவறாகவே கருதுகிறேன்.

இது பழைய தவறும்கூட. 1971 ஆகஸ்ட் 1 அன்று ரவிசங்கரின் வேண்டுகோளுக்கு இணங்கி ஜார்ஜ் ஹாரிசன் நியூயார்க்கில் நடத்திய வங்கதேச நிகழ்ச்சி, இந்த வகைக்கு முன்னோடி. சீட்டு விற்பனையில் வந்த 2,43,418 டாலர் யுனிசெஃப்புக்கு உடனே போயிற்று. இசைத்தட்டும் திரைப்படமும் ஈட்டியது அதைவிடப் பன்மடங்கு. அதற்கு வரிவிலக்கு முன்கூட்டியே கேட்கப்படாததால் பெரும் பகுதி ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அமெரிக்க வரித்துறையின் பிடியில் கிடந்தது. அகதி முகாமில் பசித்திருந்த குழந்தை அதற்குள் வளர்ந்தோ இறந்தோ போயிருக்கும். ஹாரிசனின் நேர்மையை யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு விண்ணப்பம் நேரத்தில் போகவில்லை, அவ்வளவுதான். பத்தாண்டை விழுங்க அது போதுமாக இருந்தது.

என் வாதத்தின் எதிர்த்தரப்பில் மிக வலுவாக நிற்பது துருக்கி. 2023 பிப்ரவரி 6 அதிகாலை தென்கிழக்குத் துருக்கியையும் வட சிரியாவையும் 7.8 அளவில் நிலநடுக்கம் தாக்கியது. துருக்கியில் மட்டும் 53,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அனடோலிய ராக் பாடகர் ஹலூக் லெவென்ட் 2017இல் தொடங்கிய ‘அஹ்பாப்’ அமைப்பை நோக்கி மக்களின் பணம் வெள்ளமாகப் போயிற்று. அரசு சார்ந்த அமைப்புகளை நம்பாதவர்கள் பாடகரை நம்பினார்கள். யேலேவைப் போல அவர் அமைப்பு வெறுங்கையோடு நிற்கவில்லை. தன்னார்வலர்கள் ஊர் ஊராக இருந்தார்கள், உணவும் போர்வையும் போயின. அப்படியானால் பாடகர் தானே அமைப்பு நடத்தலாம் என்பதற்கு இது சான்றாகாதா?

ஓரளவு ஆகும். அஹ்பாப் பேரிடர் வந்த அன்று பிறந்ததல்ல, அதற்கு ஆறு ஆண்டு முன்பே துருக்கி ஊர்களில் வேலை செய்து பழகியது என்பதைக் கவனிக்க வேண்டும். என் அளவுகோலுக்கு அது எதிரில்லை. ஆனால் அதே நாட்களில் நடந்த இன்னொன்று ரசிகர் பணத்தின் எல்லையைக் காட்டியது. கடுங்குளிரில் மக்கள் தெருவில் கிடக்க, அஹ்பாப் 2,050 கூடாரங்களை 4.6 கோடி லிராவுக்கு வாங்கியது. விற்றது துருக்கியின் செம்பிறைச் சங்கம். இலவசமாகக் கொடுக்க வேண்டிய சங்கம், மக்கள் கொடுத்த பணத்துக்கே விற்றது. செய்தி வெளிவந்ததும் நாடு கொதித்தது. சங்கத் தலைவர் மே மாதம் பதவி விலகினார். வாங்கியவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தக் குளிரில் எங்கே கூடாரம் இருந்தாலும் வாங்குவதுதான் சரி. ஆனால் இல்லாத கூடாரத்தைப் பணம் உண்டாக்கிவிடாது. கிடங்கில் ஏற்கெனவே இருந்ததை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியது. பொது அமைப்பு தன் கடமையிலிருந்து நழுவும்போது ரசிகர்களின் நன்கொடை அந்த இடைவெளியை நிரப்பி, நழுவியவரைச் சற்றுக் காலம் காப்பாற்றவும் செய்யலாம்.

பொருள் விற்று நிதி திரட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 மார்ச்சில் ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது லேடி காகா தன் ரசிகர்களுக்கு ஐந்து டாலர் விலையில் ஒரு கைப்பட்டை விற்றார். இரண்டே நாளில் இரண்டரை லட்சம் டாலர் சேர்ந்தது. அஞ்சல் கட்டணமாக வாங்கிய தொகையைப் பற்றி மிச்சிகனில் வழக்கு வந்து அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது. ஏமாற்று நடந்ததாகத் தீர்ப்பு எதுவும் இல்லை. எனினும் வாங்கும்போதே எவ்வளவு எங்கே போகிறது என்று ஒரு வரி அச்சிட்டிருந்தால் அந்த வழக்குக்கே இடமிருந்திருக்காது.

இனி ரசிகர்களைப் பற்றி. அவர்களை அப்பாவிகள் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அவர்களைப் போலக் கணக்குப் போடத் தெரிந்த கூட்டம் வேறில்லை. ஒரு பாட்டை எத்தனை பேர் எந்த மணிக்குக் கேட்டார்கள், பட்டியலில் எத்தனை இடம் ஏறியது, போட்டியாளருக்கு எத்தனை வாக்கு என்பதையெல்லாம் தூக்கம் விட்டுத் தொகுக்கிறார்கள். அந்தத் திறமை நிவாரணத்தின் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. தென்கொரிய இசைக்குழு பி.டி.எஸ்.ஸின் ரசிகர்கள் 2018 முதல் நடத்தும் ‘ஒன் இன் அன் ஆர்மி’ என்ற தன்னார்வக் குழு, சிறிய தொண்டு அமைப்புகளைத் தேடி, விசாரித்து, ஒன்றைத் தேர்ந்து தன் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்துகிறது. பணத்தை அது தொடுவதே இல்லை. கொடுப்பவர் நேரே அந்த அமைப்புக்குக் கொடுக்கிறார். பாடகர்கள் பலர் இன்றும் கற்காத பாடத்தைப் பள்ளி, கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகும் பெண்களும் நிறைந்த ஒரு கூட்டம் நடைமுறையாக்கியிருக்கிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் வாரிக்கொண்டு போனதைக் கண்டு லிங்கின் பார்க் இசைக்குழு அடுத்த ஆண்டு ‘மியூசிக் ஃபார் ரிலீஃப்’ அமைப்பைத் தொடங்கியபோது இப்படி ஒரு ரசிகர் குழு எண்ணிப் பார்க்க முடியாததாக இருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. இசை ரசிகர்களின் திரட்சி, நிதி சேர்க்கும் கருவியாகச் சிறந்தது. நிதியைப் பகிரும் கருவியாக அபாயமானது. பேரிடர் நடந்த பிறகு தானே களத்தில் இறங்கப் பாடகர் தொடங்கும் அமைப்புக்கும், முன்பே தொடங்கியிருந்தாலும் கணக்குக் காட்டாத அமைப்புக்கும் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. நிலம் அதிரும் முன்பே அந்த ஊரில், அந்த ஊர் மனிதர்களைக் கொண்டு வேலை செய்துவந்த அமைப்புக்குப் போகும் பணம் மட்டுமே இந்த வகையில் தன்னை நியாயப்படுத்திக்கொண்டிருக்கிறது. பாடகரின் வேலை அந்த அமைப்பைச் சுட்டிக்காட்டுவது, ஓராண்டு கழித்தும் மூன்றாண்டு கழித்தும் அதே மேடையிலிருந்து அதன் கணக்கைச் சொல்வது. கொடுக்கும்போது பாடியவர், கணக்கு வரும்போது மௌனமாக இருந்தால் அவருடைய பங்கு பாதிதான்.

இந்தத் தீர்ப்பை ஒரு கடினமான உண்மையோடு உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் மீர்பாலே நகரில் சிறிய மருத்துவமனை ஒன்றைத் திட்டமிட்டிருந்தது. நிலநடுக்கத்துக்குப் பின் வந்த நன்கொடைகளைக் கொண்டு, ஹெய்ட்டியின் சுகாதார அமைச்சகத்தோடு சேர்ந்து அதை 300 படுக்கைகள் கொண்ட பயிற்சி மருத்துவமனையாக விரித்தது. சூரிய மின்சாரத்தில் இயங்கிய அந்த மருத்துவமனை 2013இல் திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் நாட்டுக்கு மருத்துவர்களையும் செவிலியர்களையும் பயிற்றுவித்தது. 2025 மார்ச் இறுதியில் ஆயுதக் கும்பல்கள் மீர்பாலேவைத் தாக்கின. ஏப்ரலில் மருத்துவமனை மூட வேண்டியதாயிற்று. அப்படியானால் சரியான கையில் போன பணமும் வீண்தானா? இல்லை என்பேன். கட்டடம் கைவிட்டுப் போனது. அங்கே பயின்றவர்களும் அந்த அமைப்பின் பணியாளர்களும் நாட்டின் பிற மருத்துவமனைகளில் இன்றும் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். அன்று அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்த ரசிகர் இன்று அது என்ன ஆயிற்று என்று விசாரித்தால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. யேலேவுக்கு ஐந்து டாலர் அனுப்பியவர் விசாரிக்க 2012க்குப் பிறகு ஓர் அலுவலகமே இல்லை.